காக்கை என்ன செய்தது?

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையின் பழம்பெயர் திருநலக்குன்றம். ஆங்குப் பாறையில் வெட்டப்பெற்ற இசைக்கல்வெட்டு உலகறிந்தது. எழுத்தோ கிரந்தம்; மொழியோ வடமொழி. மலையடி உழவன் அதனை இன்றளவும் படித்தறிந்தானில்லை. இசை அறியாமற் போனால் எவரும் சாவதில்லை, பொறுத்துக்கொள்ளலாம். தான் பெற்ற பிள்ளையின் நோய்ச்சீட்டும் அவ்வாறே படிக்கவியலாப் பாறையெழுத்தாய் இருப்பதை எங்ஙனம் பொறுப்பது?

காய்ச்சல் முற்றிய நள்ளிரவில் ஒன்றரை அகவைக் குழந்தை கண்செருகிக் கைகால் வெட்டி இழுக்கின்றது. தாய் அதனைச் 'சன்னி' என்கின்றாள். மருத்துவமனையிற் 'பிட்சு' என்கின்றனர். அண்டை வீட்டாரோ 'காக்காய் வலிப்பு' என்கின்றனர். இவற்றுள் மூன்றாவதே பெருங்கேடு விளைத்தது. காலும் கையும் வலித்து இழுப்பதாற் கால்கை வலிப்பு என வழங்கிய தமிழ்ச்சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர் அறிஞர். சொல் திரியவே பொருளும் திரிந்தது. ஒன்றுமறியாக் காக்கையின் தலையிற் பழி விழுந்தது. முயலகன் என்று இந்நோய்க்கு வேறொரு பெயரும் உண்டு. திருவாசியிற் கொல்லிமழவன் மகளைப் பற்றிய முயலகனைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே பெரியபுராணத்துட் குறித்தார். அம்மொழியில் இன்று மருத்துவம் சொல்லச் சொல் இல்லையாம்!

காய்ச்சலோடு வருவது காய்ச்சல் வலிப்பு. கால்கை வலிப்பு வேறு. முன்னது 6 திங்கள் முதல் 5 அகவை வரை, நூற்றில் 2 முதல் 5 குழந்தைகட்கு வரும். பெரும்பாலும் 5 மணித்துளிக்குள் தானே அடங்கும், மூளையைக் கெடுப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கினர்க்கு மீண்டும் வரலாம். ஆயினும் மிகப் பெரும்பாலார்க்குப் பின்னாளிற் கால்கை வலிப்பு வாராது. பிறந்து சின்னாளே ஆன பசுங்குழவியின் வலிப்போ இழுப்பாகவே தோன்றாமலும் போகும். கண் ஒருபுறம் நிலைகுத்தும், வாய் சப்பும், கால் மிதிவண்டி மிதிப்பதுபோல் அசையும். மூச்சுக்காற்றுக் குறைவு, குருதியிற் சருக்கரைக் குறைவு, தொற்று என அதன் தோற்றுவாய் பல. அங்கே நொடியும் காத்திருத்தல் கூடாது.

கையில் இரும்புத் திறவுகோலைத் திணிப்பது வீண். வாயிற் கரண்டி நுழைப்பதோ பல்லை உடைக்கும்; மூச்சை அடைக்கும். பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்துக, ஆடையைத் தளர்த்துக, மணிப்பொறியைப் பார்த்துக்கொள்க. 5 மணித்துளி கடந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, குழந்தை 6 திங்களுக்கு உட்பட்டதாயினோ 108 ஊர்தியை அழைக்க. முதன்முறை வலித்த பிள்ளையை, அடங்கிய பின்னும் மருத்துவர்க்குக் காட்டியே ஆகல் வேண்டும்.

இவ்வளவையும் சொல்லத் தமிழில் எச்சொல் குறைபட்டது? 2017-இற் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது, நன்றே. ஆனால் அங்கும் பாடம் ஆங்கிலமே. வீடு திரும்பும் தாயின் கையில் இப்பத்து வரியைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க எவர் ஆணை வேண்டும்? குடுமியான்மலையில் வடமொழியை வெட்டினோன்கூட இறுதியில் ஒரு வரியைத் தமிழில் வெட்டி வைத்தான்.