குற்றாலம் போறீங்களா? 'தடை' நாளையும் சேர்த்து பிளான் பண்ணுங்க!

வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ், சனி காலை தென்காசி, அங்கிருந்து நேரா அருவி. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சீசனில் பலரது வீக்எண்ட் பிளான் இதுதான். போய் இறங்கினால் 'குளிக்கத் தடை'. உடனே கோபம் வரும்: "இங்க மழையே இல்லையே, எதுக்குத் தடை?"

காரணம் இருக்கு. அருவியில் விழுவது மேலே மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை. கீழே வெயில் அடித்தாலும், மலையில் கொட்டித் தீர்த்தால் திடீரென வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் 17 வயது சிறுவன் உயிரிழந்தான். அப்போது சீசனே தொடங்கவில்லை.

அதனால் தடை போட்டவர்களிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. மாற்ற வேண்டியது நம்ம பிளானைத்தான். முடிந்தால் ஒரு நாள் கூடுதலாக லீவு போடுங்கள். மெயின் அருவியில் தடை என்றால், ஐந்தருவியில் அனுமதி உண்டா என விசாரியுங்கள். எங்குமே அனுமதி இல்லையா? குற்றாலம் சித்திர சபையின் சுவரோவியங்களும், தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலும் இருக்கின்றன. அருவியில் மறுநாள்கூட குளிக்கலாம்.