கொர்பான் என்று சொல்லிக் கைகழுவாதீர்கள்



“எங்கள் பெற்றோரை நாங்கள் முதியோர் இல்லத்தில் விடுவதில்லை” என்று ஹேர்னிங் வாழ் தமிழர் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தப் பெருமை இனி நமக்குக் கைகொடுக்காது. 1980களின் நடுப்பகுதி தொடக்கம் யூட்லாந்து நகரங்களுக்கு ஏதிலிகளாக வந்தவர்களில், அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று எழுபதை எட்டிவிட்டார். மறதிநோய் முற்றிய ஒருவரை, வேலைக்குச் செல்லும் மகனும் மருமகளும் இரவும் பகலும் வீட்டில் வைத்துப் பார்ப்பது அன்பினால் மட்டும் இயலும் காரியமன்று. ஆகவே விடுவதா வேண்டாமா என்ற வாதத்தை ஒருபுறம் வைப்போம். உள்ளே அவர்களுக்கு என்ன நேர்கிறது, அதற்குப் பொறுப்பு யார் என்பதே இனி நாம் கேட்க வேண்டியது.

முதற்பொறுப்பு கொம்யூனுடையது. இந்நாட்டில் முதியோர் பராமரிப்பு பிச்சையன்று, சட்டக் கடமை. 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய முதியோர் சட்டம் மூன்று விழுமியங்களை முன்வைக்கிறது: முதியவரின் சுயநிர்ணயம், பணியாளர்மீதும் அவர்களுக்கு அருகிலுள்ள தலைமைமீதும் நம்பிக்கை, உறவினரோடும் உள்ளூர்ச் சமூகத்தோடும் நெருங்கிய ஒத்துழைப்பு. அழகிய சொற்கள்! ஆயின் தன் விருப்பத்தை எவருக்கும் புரியும்படி சொல்ல இயலாதவருக்குச் சுயநிர்ணயம் எங்கிருந்து வரும்?

மறதிநோய் பெரும்பாலும் பிந்திக் கற்ற மொழியையே முதலில் பறித்துக்கொள்கிறது. நாற்பது ஆண்டுகள் பேசிய டெனிஷ் மெல்ல மங்கி, தாய் ஊட்டிய தமிழ் மட்டும் எஞ்சுகிறது. “நாரி உளையுது”, “நெஞ்சுக்க எரியுது” என்று ஒரு மூதாட்டி முனகினால், டெனிஷ் மட்டும் அறிந்த பணியாளருக்கு அது வெறும் ஓசை. வலி ‘அமைதியின்மை’ என்று பதிவாகலாம். மாற்றிக் கொடுக்கப்பட்ட மாத்திரையைச் சுட்டிக்காட்ட அவரிடம் சொல் இராது. மொழியை விருந்தோம்பலின் அலங்காரமாகக் கருதுவோர் இதை உணரவேண்டும்: நோயாளியின் மொழி அவரது பாதுகாப்பு.

“இத்தனை ஆண்டு இருந்தும் மொழி படிக்கவில்லையா?” என்று கேட்போர் உண்டு. படித்தார்கள். தொழிற்சாலையின் இரவு வேலைக்கு நடுவே படித்தார்கள். நோய் அதைக் கொண்டுபோயிற்று. 2018 ஜூலையில், மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர் மருத்துவத்தில் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற விதி வந்தபோதும், நோயினால் டெனிஷைப் பயன்படுத்தும் ஆற்றலை இழந்தோருக்கு விலக்கு வைக்கப்பட்டது. இந்த விலக்கை நம்மில் எத்தனை பேர் மருத்துவரிடம் கேட்டிருக்கிறோம்? கோபன்ஹேகனின் பீடர் லுக்க இல்லம் பல பண்பாட்டு முதியோரை மனத்திற்கொண்டு பராமரிப்பை அமைத்திருக்கிறது. தலைநகரில் இயன்றது, தமிழர் இத்தனை காலம் உழைத்து வரி செலுத்திய யூட்லாந்தில் ஏன் இயலாது?

2020இல் ஓகூஸ் நகரின் பராமரிப்பு இல்லம் ஒன்றில், மறதிநோயுற்ற பெண்மணியின் குடும்பத்தினர் மறைகமரா பொருத்தினர். தொலைக்காட்சியில் வெளியான அக்காட்சிகள் நாட்டையே உலுக்கின. அப்பெண்மணி டெனிஷ்காரர். அவருக்காகப் பேச டெனிஷ் அறிந்த குடும்பம் இருந்தது. மேற்பார்வை அமைப்பும் ஏட்டில் இருந்தது. அப்படியிருந்தும் உண்மையை வெளிக்கொணர ஒரு கமரா தேவைப்பட்டது. பேச்சற்ற தமிழ்த் தாய்க்கு யார் கமரா?

இதைச் சொல்லும்போது பணியாளரைச் சாடுவதாக எவரும் எண்ணவேண்டாம். அவர்களிற் பலர் நம் சகோதரிகளே. முதுகு நோக, ஆட்குறைவோடு ஓடியோடி உழைப்பவர்கள். ஆள் போதாத பணிப்பட்டியலை வரைந்துவிட்டுக் குறைகளைக் கடைநிலை ஊழியர் தலையில் கட்டுவது நிர்வாகத்தின் பொறுப்புத் துறப்பு. உறவினரின் ஒத்துழைப்பு என்னும் சொல்லைக் காட்டி, தன் வேலையைப் பிள்ளைகள்மேல் இறக்கிவைப்பதும் அவ்வாறே.

இனி நம் பக்கம் வருவோம். பெற்றோருக்கு உரியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கு நேர்ந்தது, என்று சொல்லி அவர்களைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடுமையாகக் கண்டித்ததை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் கொர்பான்கள் வேறு: மண்டபம் நிறைந்த பிறந்தநாள் விழா, சங்கப் பதவி, கேவலார் யாத்திரை. ஆம், பக்தியும் அதில் அடங்கும். இல்லத்தில் தனித்திருக்கும் தாயைப் பார்க்க நேரமில்லாதவன் அன்னை மரியாவின் திருவுருவத்தின்முன் ஏற்றும் மெழுகுதிரி யாருக்கு ஒளி தரும்?

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பெற்றோரின் வாழ்க்கைக் கதையையும், வலியையும் பசியையும் அவர்கள் சொல்லும் தமிழ்ச் சொற்களையும் டெனிஷ் விளக்கத்தோடு எழுதி, பணியாளரிடம் கொடுங்கள். விழுதல், மருந்துத் தவறு போன்ற எதிர்பாரா நிகழ்வுகளை அறிவிப்பது பணியாளருக்குக் கட்டாயம். 2011 முதல் உறவினரும் அறிவிக்கலாம். அது பழிவாங்கலன்று, அடுத்தவரைக் காக்கும் செயல். இல்லத்தின் உறவினர் அவையில் அமருங்கள். கொம்யூனின் முதியோர் அவைக்கு அறுபது வயது நிறைந்தோர் வாக்களிக்கலாம், போட்டியிடலாம். அங்கே தமிழ்க்குரல் ஒன்று ஒலிக்கட்டும். பங்கின் இளையோரே, வாரம் ஒரு மணிநேரம் ஏதேனுமொரு முதியவரோடு தமிழ் பேசுங்கள்; அவர் உங்கள் உறவினராக இருக்கவேண்டியதில்லை.

“என்ன சொல்வார்களோ” என்ற அச்சத்தால் வாய்மூடி இருப்பது பணிவு ஆகாது. சிலுவையில் தொங்கியபோதும் தன் தாயைச் சீடரிடம் ஒப்படைத்தவர் நம் ஆண்டவர். அவர் ஒப்படைத்தார், சீடர் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். ஒப்படைப்பவர், ஏற்பவர் இருவருக்கும் கடமை உண்டு. கொம்யூன் தன் கடமையைச் செய்யட்டும். அதைச் செய்விப்பது நம் கடமை.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.