பீனிசமும் ஒரு சிறிய போத்தலும்

முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் நான் சேர்த்துக்கொண்ட சம்பாத்தியங்களுள் பீனிசமும் ஒன்று. அச்சுத்தாளின் தூசியும் ஆசிரியபீடத்தின் குளிரூட்டியும் எனது மூக்குக்கு ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. கன்னங்களில் கல்லைக் கட்டிவிட்டது போன்ற பாரம். குனிந்தால் நெற்றியில் இடி. அந்நிலையில் தலையங்கம் எழுதியவர்களுக்கே அதன் வேதனை புரியும்.

ஊரில் இதற்கு அம்மாவிடம் இருந்த வைத்தியம் வேது பிடித்தல். நொச்சியிலையும் வேப்பிலையும் கொதிக்கும் பானைக்கு முன்னால் என்னை இருத்திப் போர்வையால் மூடிவிடுவார். அதன்பின் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர். நெற்றியில் சித்தாலேப.

கொழும்பு வாழ்க்கையில் வேது பிடிக்க நேரம் ஏது? பாமசி ஒன்றில் மூக்கில் விடும் துளிமருந்து தந்தார்கள். சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொண்டது. எத்தனை நாட்களுக்குப் பாவிப்பது என்று அவர்கள் கூறவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அமைச்சர்களைக் கேள்வி கேட்டே சீவியம் நடத்தியவன், அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினேன். எட்டு மாதங்களின் பின்னர், தலையணைக்கடியில் அந்தப் போத்தல் இல்லாவிட்டால் உறக்கம் வராது என்ற நிலைக்கு ஆளானேன்.

காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரே உண்மையை விளக்கினார். ஒக்சிமெற்றசொலின், சைலோமெற்றசொலின் போன்ற துளிமருந்துகள் மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை நீக்குகின்றன. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் பாவித்தால், மருந்தின் வேகம் தணியும்போது உட்சவ்வு முன்னரைவிட அதிகமாக வீங்குகிறது. நாம் அதனைப் பீனிசம் என்றெண்ணி மீண்டும் போத்தலைத் தேடுகிறோம். நோயைத் தீர்க்க வாங்கிய மருந்தே நோயாகிவிடுகிறது. ஸ்டெரொயிட் மூக்குத் தெளிப்பானின் துணையுடன் அப்பழக்கத்திலிருந்து மீள எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன.

இதனால் ஆங்கில மருந்து தீது, பாட்டி வைத்தியமே உயர்ந்தது என்று வாதிட நான் வரவில்லை. 2016இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்று 871 நோயாளரிடம் இரண்டு வீட்டு முறைகளைப் பரிசோதித்தது. உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்கள் ஓரளவு பயனடைந்தனர்; ஆவி பிடித்தலால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. வேது தருவது சற்றுநேர ஆறுதல் மாத்திரமே. சிறுவர்களைக் கொதிநீர்ப் பானையருகே இருத்துவதோ ஆபத்தானது. உப்புநீருக்கும் நிபந்தனை உண்டு: கொதித்தாறிய நீரையே பாவிக்கவேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011இல், குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் உயிரிழந்தனர்.

நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளை அலுவலக நண்பரிடம் கடன்வாங்கி விழுங்குவோரையும் அறிவேன். பீனிசத்தில் பெரும்பாலானவை வைரசினால் வருபவை. அவற்றை அம்மாத்திரைகள் தீண்டுவதில்லை. வலிக்குப் பனடோல், உப்புநீர், ஓய்வு, பொறுமை ஆகியவற்றுடன் பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் தணிந்துவிடும். பத்து நாட்களாகியும் குறையாவிட்டாலோ, தணிந்தபின் மீண்டும் கடுமையானாலோ வைத்தியரை நாடவேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் கோளாறு, கழுத்து விறைப்பு, தாங்கமுடியாத தலையிடி என்பன தோன்றினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

பாமசியில் மருந்து கொடுப்போரிடம் ஒரேயொரு வேண்டுகோள். போத்தலைக் கொடுக்கும்போது ‘ஐந்து நாள், அதற்குமேல் வேண்டாம்’ என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்குச் செலவேதுமில்லை. அவர்கள் சொல்லாவிட்டால், வாசகர்களே, நீங்களாவது கேளுங்கள். நான் கேட்காததன் விலை எட்டு மாதங்கள்.