கூட்டுக் கால்வாயின் கணக்கு

தாம்பரத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் ஓர் அம்மாள், "நாம் கட்டின வரியெல்லாம் எங்கே ஐயா?" என்கிறாள். நியாயமான கேள்வி.

1983-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, கிருஷ்ணா நீர் ஆண்டுதோறும் 12 டி.எம்.சி. நம் எல்லைக்கு வரவேண்டும். செலவில் நமக்கும் பங்கு. முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்ததோ 1996-இல்! கால்வாயில் 152 கிலோமீட்டர் ஆந்திரத்தில் இருக்கிறது. நம் பணம் எல்லை தாண்டுகிறது. நம் சட்டசபையின் கேள்வி மட்டும் ஊத்துக்கோட்டையோடு நின்றுவிடுகிறது.

கால்வாய் பழுதானபோது சீர்செய்து கொடுத்தது சத்ய சாயி அறக்கட்டளை. தர்மம் வாழ்க! ஆனால் இரண்டு சர்க்கார்களின் கடமையைத் தர்மத்தின் தலையில் கட்டலாமா?

இரு சட்டசபைகளும் கூட்டாக ஒரு கணக்குக் குழு வைக்கட்டும். கொடுத்த பணம், செய்த வேலை, வந்த தண்ணீர் மூன்றையும் ஆண்டுதோறும் ஜனங்கள் முன் வைக்கட்டும். பங்காளிகள் வெட்டிய கிணற்றுக்கே கணக்கு உண்டே!