டிக்கிக்குள் ஓர் அமிலப் பெட்டி

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஆசாமிகளிடம் டயரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அன்றைய பொழுது போய்விடும். எஞ்சின் ஆயிலில் எந்த கிரேடு என்று கேட்டால் ஒரு பிரசங்கமே நடக்கும். அதே ஆசாமிகள், பேட்டரி செத்துப்போன அன்று கடைக்குப் போய்க் கேட்பது இரண்டே கேள்விதான். "இந்த இடத்துல உட்காருமா? இருக்கறதுலயே பெருசு எது?" கடைக்காரரும் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்துவிடுகிறார். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் எடுக்கிறது. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த இரண்டு கேள்விகளுமே தப்பு என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில்தான் அதைத் தெரியும். 1989-ல் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமானது. இரண்டே சீட், 1600 சிசி எஞ்சின், பின்சக்கர ஓட்டம், எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குதிரைத்திறனை நம்பி எடுத்த கார் இல்லை அது. எடை குறைவாக இருக்க வேண்டும், அந்த எடையும் முன்னுக்கும் பின்னுக்கும் சமமாகப் பிரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். அதற்காகத்தான் முன்பக்கம் இருக்க வேண்டிய பேட்டரியைத் தூக்கி டிக்கியின் வலது மூலையில் வைத்தார்கள். 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறைகளிலும் அது அங்கேதான். (மூன்றாவது தலைமுறையில் பானெட்டுக்குக் கீழே போய்விட்டது. அந்த காரின் சொந்தக்காரர்கள் இந்தச் சண்டையில் சேர வேண்டாம்!)

ஆனால் டிக்கி என்பது மூடிய பெட்டி. அங்கே சாதாரண பேட்டரியை வைக்க முடியாது என்று அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். ஈய-அமில பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது, அதுவும் முழுதாக ஏறிய பிறகும் கரண்ட் போய்க்கொண்டிருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். கூடவே கந்தக அமிலம் பொடிப்பொடித் திவலைகளாக வெளியே வரும். அதனால் ஃபேக்டரியிலிருந்து வரும்போதே பானாசோனிக் நிறுவனத்தின் ஏ.ஜி.எம். வகை பேட்டரியைப் போட்டு அனுப்பினார்கள். இந்த வகையில் அமிலம் குளம்போலத் தளும்பிக்கொண்டு நிற்காது. மெல்லிய கண்ணாடி இழைப் பாய்களில் ஊறிக் கிடக்கும். பிரிந்த ஆக்சிஜன் உள்ளேயே திரும்பச் சேர்ந்து தண்ணீராகிவிடும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் மட்டும் வால்வு திறந்து வாயுவை விடும். அந்தக் கொஞ்சத்தைக்கூட டிக்கிக்குள் விட அவர்களுக்கு மனசில்லை. குழாய் வைத்து, தரையில் ஓட்டை போட்டு, வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

இவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாட்டை, பத்தே நிமிஷத்தில் ஒரு கடை கெடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் 51ஆர் என்ற அளவில் ஒரு பேட்டரி உண்டு. ஹோண்டா சிவிக் போன்ற கார்களுக்குப் போடுவது. மியாட்டாவின் இடத்திலும் ஒருவழியாக உட்கார்ந்துவிடும். பழைய பேட்டரியின் முனைகள் ஒல்லி, இதன் முனைகள் தடிமன். அதற்கு ஒரு டெர்மினலை மாற்றினால் போதும். குழாய் மாட்டுவதற்குப் பெரும்பாலும் இடமே இருக்காது. சரி, அந்தக் குழாய் எதற்கு? யாரும் கேட்பதில்லை. அது டிக்கி மூலையில் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

சிவிக்கில் அந்த பேட்டரி நல்ல பேட்டரிதான். பானெட்டுக்குக் கீழே காற்றோட்டம் இருக்கிறது, வாயு வந்தாலும் கலைந்து போய்விடும். அதையே கொண்டுவந்து டிக்கியில் அடைத்தால் அதுவே அமிலப் பெட்டி. குற்றம் பேட்டரியுடையது இல்லை. அளவுப் பட்டியலைப் பார்த்துக் கொடுத்தவருடையது, அதை நம்பி வாங்கியவருடையது.

உடனே ஒரு பதில் வரும். "ஆறு வருஷமா சாதா பேட்டரிதான் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலையே!" ஆகாமல் என்ன? ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் ஒழுங்காக இருக்கும்வரை வாயு கொஞ்சமாகத்தான் வரும். அது கெட்டுப்போய் வோல்டேஜ் எகிறும் நாளில்தான் பேட்டரி கொதிக்கும். அந்த நாள் எதுவென்று யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும்கூட சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. அமிலத் திவலை படிந்து பெயின்ட் கொப்புளிக்கும், அடியில் துரு அரிக்கும். விரிப்பைத் தூக்கிப் பார்க்காதவருக்கு "ஒண்ணும் ஆகலை"தான். முப்பது வருஷத்துக்கு மேலான ஒரு காரில் என்ஜினைக்கூட மாற்றிவிடலாம். அரித்துப்போன தகரத்தை வெட்டி ஒட்டுவதற்கு ஆகும் செலவில் எத்தனை ஏ.ஜி.எம். பேட்டரி வாங்கலாம் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

டிக்கியில் மட்டும்தான் இந்தத் தொல்லை என்றும் இல்லை. 1997 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறை செவ்ரோலே கார்வெட்டில் பேட்டரி முன்பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே எஞ்சினின் மூளையான கன்ட்ரோல் கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார்கள்! பேட்டரி கசிந்தால் அமிலம் நேராக அங்கேயும் வயர்களிலும்தான் இறங்கும். அந்த காரிலும் கசியாத பேட்டரி போடுவது சொகுசு இல்லை.

அடுத்தது "இருக்கறதுலயே பெருசு". சி.சி.ஏ. என்று ஒரு எண்ணை ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அமெரிக்க முறைப்படி அந்த எண்ணுக்கு அர்த்தம் இதுதான்: மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 30 விநாடிக்கு, வோல்டேஜ் 7.2-க்குக் கீழே போகாமல், பேட்டரி எவ்வளவு ஆம்பியர் கொடுக்கும் என்ற அளவு. மினசோட்டாவில் ஜனவரி மாதக் காலையில் காரை எடுப்பவருக்கு அது உயிர்நாடி. லாஸ் ஏஞ்சலிஸில் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கூரையை மடக்கிவிட்டு ஓட்டுபவருக்கு அந்த எண் எதற்கு? அதுவும் ஒரு 1600 சிசி எஞ்சினைச் சுற்றிவிட! வெயில் ஊர்களில் பேட்டரியைக் கொல்வது சூடுதான், குளிர் இல்லை. டிக்கியில் இருக்கும் பேட்டரிக்கு எஞ்சின் சூடு படாது என்பது அந்த இடத்தின் ஒரே லாபம்.

பெரிசு வேண்டாம் என்றதும் சிலர் நேர் எதிர்ப்பக்கம் ஓடி லித்தியத்தில் போய் விழுகிறார்கள். எடை குறைகிறதாம். குறைகிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2009 நவம்பரில் போர்ஷ் நிறுவனம் 911 ஜி.டி.3, ஜி.டி.3 ஆர்.எஸ்., பாக்ஸ்டர் ஸ்பைடர் ஆகிய கார்களுக்கு ஆறு கிலோவுக்கும் குறைவான லித்தியம் பேட்டரியை அறிவித்தது. சாதாரண பேட்டரியைவிடப் பத்து கிலோவுக்கு மேல் மிச்சம், ஜெர்மனியில் விலை 1,904 யூரோ. ஆனால் அதை வாங்கியவருக்குச் சாதாரண பேட்டரியையும் சேர்த்தே கொடுத்தார்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் தடுமாறலாம், அப்போது பழையதை மாட்டிக்கொள் என்று அர்த்தம். விற்றவர்களே இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தபோது, ரேஸ் டிராக்கையே பார்க்காதவர் பத்து கிலோவுக்காக எதற்கு இத்தனை பாடுபட வேண்டும்?

கடையில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த கார் மாதத்தில் எத்தனை நாள் சும்மா நிற்கும்? அலாரம், கடிகாரம், ரேடியோ மெமரி எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 30 ஆம்பியர்-மணி பேட்டரி இருபது நாளில் கிட்டத்தட்டப் பாதி காலி. பாதி காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிப்போய் பேட்டரி சாகும். இருமடங்கு பெரிய பேட்டரி வாங்கினால் அந்தச் சாவு இன்னும் மூன்று வாரம் தள்ளிப்போகும், வேறொன்றும் இல்லை. நிற்கும் காருக்குத் தேவை, முழுதாக ஏறியதும் தானே அடங்கிவிடும் ஒரு சின்ன மெயின்டைனர் சார்ஜர். ஏ.ஜி.எம். பேட்டரிக்கு, அந்த வகைக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் சார்ஜர். பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் காசை இதில் போடலாம்.

புதிய பேட்டரியில் வாயு போகும் துளை இரண்டு பக்கமும் இருந்தால், ஒன்றை அதனுடன் வரும் மூடியால் அடைத்துவிட்டு மற்றதில் குழாயை மாட்ட வேண்டும். மாட்டிய குழாயின் மறுமுனை டிக்கித் தரைக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.