முற்பணச் சீட்டும் மூன்று வரிகளும்



கார் வாங்கும் கதை ஆண்கள் பேசும் கதை என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். வாகனம் வாசலுக்கு வந்த பிறகு பாலும் பழமும் வைத்து விருந்தாளிகளைக் கவனிப்பதோடு நம் பங்கு முடிந்துவிடும். இம்முறை என் பங்கு சற்று நீண்டுவிட்டது. காரணம், பணம் என்னுடையது. வாப்பாவின் காணி விற்று எனக்கு வந்த பங்கு அது. "உங்கட காசு, நீங்களே பார்த்து முடிவெடுங்கோ" என்று இவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஏன் மின்சாரக் கார் என்று கேட்பீர்கள். 2022 ஜூலையில் ஓர் இரவு வாப்பாவுக்கு மூச்சு முட்டியது. வாசலில் முச்சக்கர வண்டி நிற்கிறது, அதில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. நாலு வீட்டுக் கதவைத் தட்டினோம். கடைசியில் அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளை தன் மோட்டார் சைக்கிளின் தாங்கியில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி ஒரு சோடாப் போத்தல் அளவு எடுத்துத் தந்தான். வாப்பா அந்த இரவு தப்பினார்கள், அடுத்த வருடம்தான் மௌத்தானார்கள். அந்தப் பெற்றோல் வாசம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அதே ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டும் இருந்ததே, அப்போது மின்சாரக் கார் மட்டும் எப்படி ஓடியிருக்கும் என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏப்ரல் மாதம் நானும் இவரும் கண்டியிலுள்ள ஒரு காட்சியறைக்குப் போனோம். வரவேற்ற இளைஞனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், கேகாலைப் பக்கத்துப் பிள்ளை. இவருக்குக் கதிரை போட்டு, இவருக்குத் தேநீர் கொடுத்து, இவரைப் பார்த்தே எல்லாம் சொன்னான். நான் கேட்ட கேள்விக்கும் பதில் இவருக்குத்தான் போனது. மூன்றாவது கேள்வியில் இவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, வாங்குறது இவங்கதான், நான் வெறும் சாரதி" என்றார். பிள்ளை வெட்கப்பட்டுப் போனான். அதன் பிறகு "மிஸ், மிஸ்" என்று என்னைத்தான் அழைத்தான்.

ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்தால் 400 கிலோமீற்றர் ஓடும் என்றான். எந்தப் பரிசோதனையின்படி என்று கேட்டேன். இதை நான் என் மச்சானிடம் கற்றிருந்தேன். சீன நாட்டு அளவுமுறையில் காட்டும் தூரம் ஐரோப்பிய அளவுமுறையில் காட்டுவதை விட எப்போதும் அதிகம். நம் வீதியும் நம் வெயிலும் ஏசியும் இரண்டையும் விடக் குறைத்துவிடும். பிள்ளை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "உண்மையில 300 என்று வைத்துக்கொள்ளுங்க மிஸ்" என்றான். அந்த ஒரு பதிலில்தான் அவன் மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

மச்சான் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தவர். 2015ஆம் ஆண்டு வரி குறைவாக இருந்தபோது பலரும் வாங்கியதைப் போல அவரும் பாவித்த நிசான் லீஃப் ஒன்றை வாங்கினார். பற்றரியின் நிலையைக் காட்ட அதில் பன்னிரண்டு கோடுகள் இருக்கும். அந்தப் பற்றரியைக் குளிர்விக்கத் தனி நீர் ஏற்பாடு இல்லை. நம் நாட்டு வெப்பத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிக் காலத்தில் கொழும்பிலிருந்து வரக்காப்பொலை வரைக்கும் வந்து சேர்வதே பெரிய காரியம் என்பார். ஆகவே பற்றரிக்குத் திரவக் குளிர்விப்பு உண்டா, உத்தரவாதம் எத்தனை வருடம், கொள்ளளவு எத்தனை வீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பவற்றை நாங்கள் முதலிலேயே கேட்டோம். எட்டு வருடம் என்று வாயால் சொன்னார்கள். கையேட்டை வாங்கிப் படித்தால், அவர்களிடமே ஒவ்வொரு சேர்விஸும் செய்திருக்க வேண்டும், வாடகைக்கு ஓட்டியிருக்கக் கூடாது என்று இன்னும் இரண்டு பந்தி இருந்தது.

காணிப் பணம் முழு விலைக்கும் போதாது. மீதிக்கு அங்கேயே ஒரு லீசிங் படிவம் அச்சடித்துத் தயாராக இருந்தது, கையொப்பம் மட்டும்தான் மிச்சம். வட்டிக்கு நாங்கள் போவதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தோம். இஜாரா முறையில் வங்கியே வாகனத்தை வாங்கி நமக்கு வாடகைக்கு விடுகிறது. தவணை முடிந்ததும் உரிமையை மாற்றித் தருகிறது. சகோதரிகளே, இஜாரா என்ற பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டாம். தவணை தாமதித்தால் அறவிடும் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். அதைத் தன் இலாபத்தில் சேர்க்காமல் தர்மத்துக்குக் கொடுப்பதாக எங்கள் வங்கி எழுத்தில் காட்டியது.

இனி முற்பணச் சீட்டுக்கு வருகிறேன். இந்தக் கதையின் முள் அங்கேதான் இருக்கிறது.

பத்து இலட்சம் முற்பணம் கேட்டார்கள். சீட்டின் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்ததைப் போல எழுத்து. மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். விலை எந்நேரமும் மாறலாம், தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல, முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது. மூன்றும் அவர்கள் பக்கத்துக்குச் சாதகம். குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து, தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்று எங்கள் ஓதல் பள்ளி லெப்பை சின்ன வயதில் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. பிள்ளையிடம் சொன்னேன்: "தம்பி, நீங்கள் வாயால் சொன்ன மூன்றை இந்தச் சீட்டில் கையால் எழுதித் தாருங்கள்."

அவன் எழுதினான். அரசாங்க வரி மாறினாலன்றி விலை மாறாது, இது முதல் வரி. உற்பத்தி ஆண்டு 2025, மோட்டார் இத்தனை கிலோவாட், பற்றரி இத்தனை கிலோவாட் மணி, இது இரண்டாவது. எட்டு வாரத்துக்குள் வாகனம் தராவிட்டால், கேட்டவுடன் முற்பணம் முழுதும் திரும்பும், இது மூன்றாவது. கையொப்பமிட்டு, காட்சியறையின் முத்திரையும் குத்தினான். கிலோவாட்டை எதற்கு எழுதச் சொன்னேன் என்றால், பெற்றோல் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்ப்பதுபோல, மின்சாரக் காருக்கு நம் நாட்டில் தீர்வை போடுவது மோட்டாரின் வலுவைப் பார்த்துத்தான். கடதாசியில் ஓர் எண்ணும் வாகனத்தில் வேறோர் எண்ணும் இருந்தால் தலைவலி பின்னால் நம்மைத் தேடி வரும்.

காத்திருந்த காலத்தில் வீட்டைத் தயார் செய்தோம். சுவரில் பூட்டும் 7 கிலோவாட் சார்ஜர் இலவசம் என்றார்கள். பூட்டும் கூலி இலவசமல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அது போகட்டும். வந்த மின்னியலாளர் மீற்றர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. இந்த சார்ஜர் மட்டுமே 32 அம்பியர் இழுக்கும்" என்றார். மும்முனை இணைப்புக்கு மின்சார சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து வைக்க வேண்டும். நாங்கள் குறைத்து வைத்தோம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் ஓடுகிறவர்களுக்கு அது தாராளம். மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போய் வரும் நாளில்கூட இரவு பத்தரைக்குப் போட்டால் சுபஹுக்கு எழும்போது நிறைந்துவிடும்.

ஆனால் அவர் சொன்ன இன்னொரு விடயம் என் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் வீட்டில் புவித் தொடுப்புக் கம்பி எப்போதோ துருப்பிடித்து அறுந்திருந்ததாம். ட்ரிப் சுவிட்சும் வேலை செய்யவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில்தான் குழந்தைகள் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டுத் திரிந்தார்கள். கார் வராவிட்டால் இது தெரிந்தே இருக்காது. நீங்கள் கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ட்ரிப் சுவிட்சிலுள்ள சிறிய பரிசோதனைப் பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். நீட்டு வயரில் கார் சார்ஜ் போடும் வேலையைக் கனவிலும் செய்ய வேண்டாம்.

ஜூன் நடுப்பகுதியில் எட்டு வாரம் முடிந்தது. "கப்பல் வருகுது மிஸ்" என்றான் பிள்ளை. ஜூலை கடைசி வாரம் அழைப்பு வந்தது. வாகனம் வந்துவிட்டது, ஆனால் டொலர் ஏறியதால் இன்னும் நாலே முக்கால் இலட்சம் கட்ட வேண்டுமாம். அந்த மூன்று மாதத்தில் டொலர் ஏறியது சில ரூபாய்தான். வீட்டில் கணக்குப் பார்த்தோம், கேட்ட தொகையில் காற்பங்குகூட வரவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு போனோம். முகாமையாளர் மூன்று வரிகளையும் வாசித்தார். பிறகு சீட்டை மேசையில் வைத்துவிட்டு, "இதை எழுத அவருக்கு அதிகாரம் இல்லை" என்றார்.

"முத்திரை உங்களுடையதுதானே?"

"முத்திரை எங்களுடையது. அப்படியானால் வித்தியாசத்தை அவருடைய கணக்கில்தான் போட வேண்டி வரும்."

பிள்ளை கதவருகே நின்றான். முகம் சுண்ணாம்பு போல் வெளுத்துவிட்டது. எங்கோ பள்ளியில் லுஹருக்குப் பாங்கு சொன்னது. சற்று நேரம் கேட்டு நாங்கள் வெளியே வந்தோம். தொழுதுவிட்டு வந்து காரின் நிழலில் நின்று இவர் மெதுவாக, "பேசாமல் கொடுத்துவிடுவோமா? பாவம் அந்தப் பொடியன்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வாப்பா அந்தக் காணியில் ஒவ்வொரு மிளகுக் கொடியையும் தன் கையால் நட்டவர்கள். எழுதிக் கொடுத்த சொல்லை மாற்றுகிறவர் ஒருவர் இருக்க, அதற்கு நானும் அந்தப் பிள்ளையும் ஏன் விலை கொடுக்க வேண்டும்? என்னைப் பயமுறுத்துவதற்கு அவனை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

அங்கேயே ஒரு கடிதம் எழுதினேன். முதல் வரியின்படி வாகனத்தைத் தாருங்கள், அல்லது மூன்றாவது வரியின்படி பத்து இலட்சத்தை இன்றே தாருங்கள். எதைச் செய்தாலும் விற்பனையாளரிடம் ஒரு சதமும் அறவிடக் கூடாது. இல்லாவிட்டால் சீட்டின் பிரதி கொழும்புத் தலைமையகத்துக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் போகும். கை நடுங்கியது, எழுத்து நேராக வரவில்லை. முகாமையாளர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் கொழும்புக்குப் பேசினார். நாற்பது நிமிடம் கழித்து வந்து, எழுதிய விலைக்கே தருகிறோம் என்றார். பிள்ளையைப் பற்றிய வாக்கியத்துக்குக் கையொப்பம் கேட்டேன். "அது எங்கள் உள்விடயம், மேடம்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

வாகனத்தை எடுக்கும்போது சசி இலக்கத்தையும் உற்பத்தித் தகட்டையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. இலக்கத் தகடு வரத்தான் சுணங்கியது. உம்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிப் போவது இப்போது நான்தான். கடுகண்ணாவை ஏற்றத்தோடு சேர்த்துப் போகும்போது பற்றரியில் பதின்மூன்று வீதம் குறையும். வரும்போது இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கொஞ்சம் திரும்பச் சேர்ந்து, ஆறு வீதத்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம். "சத்தமே இல்லையே, ஓடுதா நிக்குதா?" என்று உம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்.

முதல் சேர்விஸுக்குப் போனபோது அந்தப் பிள்ளைக்கென்று வட்டிலப்பம் கொஞ்சம் எடுத்துப் போனேன். அவனுடைய மேசையில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். "அவர் இப்ப இங்க இல்ல மிஸ்" என்றாள். எப்போது போனார், ஏன் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. எடுத்தேன், எடுபடவில்லை. ஒரு செய்தி அனுப்பினேன், உங்களிடம் பணம் ஏதும் வெட்டினார்களா என்று.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கேகாலையில் மோட்டார் சைக்கிள் விற்கும் இடமொன்றில் இருக்கிறானாம். "கார் நல்லா ஓடுதா மிஸ்? ஃபுல் சார்ஜில 300 வருதா?" என்று கேட்டிருந்தான். என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. 290 வருகிறது என்று அனுப்பினேன்.