16 மணி நேரம்தானே சார்?

கல்லூரிப் பேராசிரியர் என்று சொன்னால் போதும், டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் முகநூலிலும் ஒரே பேச்சுதான். "வாரத்துக்கு 16 மணி நேரம் பாடம். கைநிறைய சம்பளம். மே மாசம் லீவு. குடுத்து வெச்சவங்க சார் நீங்க." சொல்பவர் மேல் எனக்குக் கோபமில்லை. கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். மீதியையும் போட்டுப் பார்த்துவிடுவோம்.

யூஜிசியின் 2018 விதிமுறைப்படி ஓர் ஆசிரியர் வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் வேலை பார்க்க வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு அதில் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. மீதி 24 எதற்கு? ஒரு மணி நேரம் பாடம் நடத்த, ஒரு மணி நேரமாவது படிக்காமல் வகுப்புக்குள் போகிறவரை நான் ஆசிரியர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆக, தயாரிப்புக்கு 16. ஆய்வுக்கென்று வாரம் குறைந்தது 6 மணி நேரம் ஒதுக்கச் சொன்னது 2010 விதிமுறை. மொத்தம் 38 ஆச்சு. மிச்சம் 2. வகுப்புக்கு 60 பேர், மூன்று வகுப்பு, 180 விடைத்தாள். தாளுக்கு 5 நிமிடம் என்றாலே 15 மணி நேரம். உள்தேர்வு வருகிற வாரத்தில் கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

இதற்கு மேல்தான் கோப்பு வருகிறது.

நாக் குழுவுக்கு 7 அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும். ஒரு கருத்தரங்கு நடந்தால் சுற்றறிக்கை, அழைப்பிதழ், கையெழுத்துடன் வருகைப் பட்டியல், ஜியோடேக் செய்த படம், பின்னூட்டப் படிவம், அறிக்கை. பேச்சாளர் என்னதான் பேசினார் என்று யாரும் கேட்பதில்லை. படம் மங்கலாக இருந்தால் மட்டும் கேட்பார்கள். இன்னொரு அட்டவணை உண்டு: நடத்துகிற பாடம் எந்தத் 'திட்ட விளைவை' எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது என்று 1, 2, 3 போட வேண்டும். குறுந்தொகைப் பாட்டில் தலைவி அழுகிறாள். அவள் அழுகை 'வேலைவாய்ப்புத் திற'னுக்கு 2 மதிப்பெண்ணா, 3 மதிப்பெண்ணா? நான் போட்டிருக்கிறேன். எல்லோரும் போட்டிருக்கிறோம். வாட்ஸப் குழுவில் "இன்று மாலை 4 மணிக்குள்" என்று வந்தால் 3 மணி வகுப்பில் பிள்ளைகளுக்கு 'நோட்ஸ்' கொடுத்துவிட்டு உட்கார்ந்து நிரப்புகிறோம்.

"மக்கள் வரிப்பணம், கணக்குக் காட்ட வேண்டாமா?" என்பார்கள். கட்டாயம் காட்டணும். ஆனால் இந்தக் கோப்பு காட்டுவது கோப்பு போடத் தெரியும் என்பதை மட்டும்தான். முன்னறிவிப்பில்லாமல் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருங்கள். நூலகத்தில் என் பெயரில் என்னென்ன புத்தகம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சோதனைக்கு நான் தயார்.

எங்கள் ஆட்களிலேயே பலர் இதற்குத் தயாரில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். படிக்காமல் இருப்பதற்குக் கோப்பைவிட வசதியான சாக்கு கிடையாது. 2010-ல் ஏபிஐ மதிப்பெண் வந்ததும் பணம் கட்டினால் கட்டுரை போடும் இதழ்களைத் தேடி ஓடியது யார்? நாம்தான். போலி இதழ்களை வடிகட்ட யூஜிசி கேர் பட்டியல் கொண்டுவந்தது. 2025-ல் அதையும் கைவிட்டது. பட்டியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், படிக்காதவர் எழுதிய கட்டுரையை யாரும் படிக்கப்போவதில்லை.

இதில் ரொம்ப அடிபடுவது கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று யூஜிசி 2019-ல் சொன்னது. நம் அரசுக் கல்லூரிகளில் தந்தது 25,000, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். மே மாத லீவு என்று நீங்கள் பொறாமைப்படுகிறீர்களே, அவர்களுக்கு அது சம்பளமில்லாத மாதம். கோப்பு வேலையில் மட்டும் அவர்களுக்கு முழுப் பங்கு உண்டு. "நாளைக்கு வேலை இருக்குமா" என்ற பயத்தில் இருப்பவர் எந்தப் படிவத்தை மறுக்க முடியும்?

நஷ்டம் யாருக்கு? வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை புத்தகத்தை வேறு எங்காவது கண்டுபிடித்துவிடும். இந்தப் பிள்ளைக்குப் படித்த மனிதர் ஒருவர் எதிரில் நின்று யோசிப்பதைப் பார்க்கிற இடம் வகுப்பறை மட்டும்தான். அந்த மனிதரைத்தான் வாரா வாரம் குமாஸ்தா ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

கேட்பது பெரிசா எதுவும் இல்லை. காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புங்கள். ஆவண வேலைக்கு அலுவலகப் பணியாளர்களைப் போடுங்கள். 40-ல் வகுப்பு போக மீதமுள்ள 24 மணி நேரத்தைப் படிக்கவும் திருத்தவும் திருப்பிக் கொடுங்கள். கொடுத்த பிறகும் படிக்காதவரை வீட்டுக்கு அனுப்புங்கள். நான் சங்கத்தில் கொடி பிடிக்க மாட்டேன்.